பூப்பெயர் எண்ணும் நாள் எண்ணும்

செங்கற்பட்டிலிருந்து கடலை நோக்கி மாமல்லபுரம் செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் நடுவில் திருக்கழுக்குன்றம். பல்லவர் குகைகளையும் கடற்கரைக் கோயிலையும் காண வருவோர் இச்சாலையின் மூன்று ஊர்களையும் விரைவில் கடந்துவிடுகின்றனர். ஆயினும் பழந்தமிழரின் எண்ணுப்பெயர்களை அறிந்த ஒருவருக்கு, இந்த வழி பேரெண்களின் வழியாகவே தோன்றும்.

செங்கற்பட்டின் பழம்பெயர் செங்கழுநீர்ப்பட்டு என்பது மரபு. செங்கழுநீர் என்பது செங்குவளை. குவளை என்பது நீர்ப்பூவின் பெயர் மட்டுமன்று. தமிழில் ஒரு பேரெண்ணின் பெயரும் ஆகும். திருக்கழுக்குன்றத்தின் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு தோன்றும் என்பது மக்கள் நம்பிக்கை. வியாழன் கன்னி ராசியில் புகும் காலத்தில் அங்கே புட்கர மேளா நடைபெறுகிறது. சங்கம் என்பதும் ஒரு பேரெண். சாலை முடியும் மாமல்லபுரம் கடலும் கடல் சார்ந்த நிலமும் ஆகிய நெய்தல். நெய்தலும் ஒரு பேரெண். மலர், சங்கு, கடல்நிலம் என்று கண்முன் நிற்பவற்றின் பெயர்களையே கண்ணுக்கு எட்டாத எண்களுக்கும் நம் முன்னோர் இட்டு வைத்தனர்.

இவ்வகை எண்ணுப்பெயர்கள் மிகத் தொன்மையானவை. ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப்பெயர்களின் புணர்ச்சியைத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் கூறுகிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பன அவை என்று உரையாசிரியர்கள் விளக்கினர். பரிபாடலில் கீரந்தையார் திருமாலைப் பாடிய பாடல், உலகம் தோன்றி ஒடுங்கும் ஊழிகளின் நீளத்தைச் சொல்லும் இடத்தில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்னும் பெயர்களை ஆளுகிறது. பிற்காலத்தில் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் முதலிய கணக்கு நூல்களிலும் பேரெண்களின் வரிசை உண்டு. வடமொழியிலும் பதுமம், குமுதம், சங்கம், சமுத்திரம் என்று இதே நீர்நிலைச் சொற்கள் எண்களுக்குப் பெயராயின. ஒரு குளத்தில் பூத்த ஆம்பலை எண்ணி முடியாது. ஆகவே எண்ணி முடியாததற்கு ஆம்பல் என்று பெயர் வைத்த கற்பனை இரு மொழிக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

ஆனால் ஆம்பல் என்பது எத்தனை என்று கேட்டால் ஒரே விடை கிடைப்பதில்லை. நூலுக்கு நூல் வரிசை மாறுகிறது, மடங்கு மாறுகிறது, ஒரு பட்டியலில் உள்ள பெயர் மற்றொன்றில் இல்லை. பெயர் ஈராயிரம் ஆண்டு வாழ்ந்தது, அளவு வாழவில்லை. இதற்குக் காரணம் தேடினால் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. ஆம்பலால் எவரும் எதையும் கூட்டவோ வகுக்கவோ நேர்ந்ததில்லை. ஊழியின் பெருமையை உணர்த்த அது பயன்பட்டது. பெருமையை உணர்த்துவதற்குப் பெரிது என்ற உணர்வே போதும், இலக்கம் வேண்டியதில்லை.

அதே நிலப்பகுதியில், அதே மக்களிடையே, மற்றொரு பேரெண் எழுநூறு ஆண்டுகளாக ஓர் இலக்கமும் பிசகாமல் கைமாறி வந்திருக்கிறது. அந்த எண் 16,00,984. அதற்குப் பூவின் பெயர் இல்லை. புலவர் பாடலில் இடம் இல்லை. பஞ்சாங்கம் கணிப்பவரின் மனப்பாடத்தில் அது இருந்தது. இவ்விரு வகை எண்களின் கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது சொல்லை ஆளும் கவிஞர்க்குப் பயன் தருவதாகும்.

நாளை எண்ணிய முறை

கி.மு. 3102ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், வெள்ளிக்கிழமை, கலியுகம் தொடங்கியது என்பது இந்திய வானநூலாரின் கணக்கு. அன்று முதல் கழிந்த நாள்களை இடைவிடாமல் எண்ணி வருவது கலிநாள் எண் எனப்படும். மாதங்கள் குறுகும், நீளும். ஆண்டுகள் மன்னருக்கு மன்னர் மாறும். ஊருக்கு ஊர் தொடக்கம் வேறுபடும். நாள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆகவே எந்தக் குழப்பமும் இல்லாத காலக்குறிப்பு வேண்டுமென்றால் நாளை எண்ணுவதே வழி.

இது ஏட்டளவில் நின்ற முறையன்று. ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவபுரச் செப்பேடு கலிநாளையே தன் தேதியாகக் கொண்டது. அது தரும் எண் 14,49,087. இது கி.பி. 866ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாளுக்கு ஒத்தது. ஒரு செப்பேட்டின் காலத்தை ஆண்டளவில் அறிவதற்கே ஆய்வாளர் நெடிது உழைக்க நேரும்போது, இச்செப்பேடு ஆயிரத்து நூறு ஆண்டுக்கு அப்பால் இருந்து நாளையே சுட்டிக் காட்டுகிறது.

கலிநாள் எண்ணின் முதல் பண்பு கிழமையைச் சொல்வது. தொடக்கம் வெள்ளி ஆதலின், எண்ணை 7ஆல் வகுத்து மிச்சம் 0 வந்தால் வெள்ளி, 1 வந்தால் சனி, 2 வந்தால் ஞாயிறு என்று கொள்ளலாம். செப்பேட்டின் 14,49,087ஐ 7ஆல் வகுத்தால் மிச்சம் 3, அன்று திங்கட்கிழமை. இந்திய விடுதலை நாளாகிய 1947 ஆகஸ்டு 15இன் கலிநாள் எண் 18,43,947. அது 7ஆல் மிச்சமின்றி வகுபடும். அன்று வெள்ளிக்கிழமை என்பதை அந்நாளைக் கண்டவர் அனைவரும் அறிவர்.

பூப்பெயர் எண்களை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவை பத்தின் அடுக்குகளாகக் கருதப்பட்டவை. பத்தை எத்தனை முறை பெருக்கினாலும் அதனுள் 2, 5 என்னும் இரண்டு பகா எண்களைத் தவிர வேறொன்றும் நுழைவதில்லை. 1க்குப் பின் நூறு சுழி இட்டாலும் அது 7ஆல் வகுபடாது, 3ஆல் வகுபடாது. அளவில் பெரிதாயினும் உள்ளே ஆள் இல்லாத மாளிகை போன்றது அது. நாளெண்களோ அத்தகையவை அல்ல. 16,00,984ஐப் பிரித்தால் 8, 7, 11, 23, 113 ஆகியவற்றின் பெருக்கமாக விரியும். ஏழு அதனுள் இருப்பதால் அந்நாளும் ஒரு வெள்ளிக்கிழமையே.

பேரெண்ணுள் சிற்றெண் ஒளிந்திருப்பதற்கு இன்னும் சிறந்த சான்று ஒன்று உண்டு. 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்தில் 1,57,79,17,500 நாள்கள் உள்ளன என்று ஆரியபடர் வகுத்தார். நூற்றைம்பத்தேழு கோடிக்கு மேற்பட்ட இந்த எண்ணை மனத்தில் வைத்துக் கணக்கிடுவது அரிது. ஆனால் இரண்டு எண்களையும் 7,500 மிச்சமின்றி வகுக்கும். வகுத்தபின் எஞ்சுவது 576 ஆண்டுகளுக்கு 2,10,389 நாள்கள் என்னும் எளிய உறவு. அதிலிருந்து ஓர் ஆண்டின் நீளம் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை என்று கிடைக்கிறது. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தின் சூரிய ஆண்டு இதுவே. யுகக் கணக்கு புராணமாகத் தோன்றினாலும், அதன் பெருமையைக் களைந்தால் உள்ளிருப்பது ஒரு துல்லியமான பின்னம்.

நிலவின் மூன்று படிகள்

16,00,984 எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை அறிய நிலவின் ஓட்டத்தை அறிதல் வேண்டும். நிலவு பூமியைச் சீரான வேகத்தில் சுற்றுவதில்லை. சேய்மையில் இருக்கும்போது மெல்லச் செல்கிறது. அண்மைக்கு வரும்போது விரைகிறது. ஒரு சேய்மையிலிருந்து அடுத்த சேய்மைக்கு வர ஏறத்தாழ 27 நாள் 13 மணி நேரம் ஆகிறது. இது முழு நாளாக இல்லாததால், ஒவ்வொரு சுற்றிலும் விடியற்காலையில் நிலவு நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எத்தனை சுற்றுக்குப் பின் முழு நாள் வரும் என்பதே கேள்வி.

முதல் விடை 248. ஒன்பது சுற்றுகள் ஏறத்தாழ 248 நாள்களில் நிறைவு பெறும். பிழை 13 நிமிடமளவு. இரண்டாம் விடை 3,031. நூற்றுப்பத்துச் சுற்றுகளுக்கு 3,031 நாள்கள். இன்றைய அளவீட்டோடு ஒப்பிட்டால் பிழை ஒரு நிமிடத்திற்கும் குறைவு. மூன்றாவது 12,372. இதில் 449 சுற்றுகள் அடங்கும். ஏறத்தாழ 34 ஆண்டுகளில் பிழை 10 நிமிடம்.

இம்மூன்று எண்களும் தம்முள் உறவுடையவை. 248ஐப் பன்னிரண்டு மடங்காக்கி, இரண்டு சுற்றுக்குரிய 55 நாளைக் கூட்டினால் 3,031. 3,031ஐ நான்கு மடங்காக்கி 248ஐக் கூட்டினால் 12,372. சுற்றுகளின் எண்ணிக்கையும் அவ்வாறே அமைகிறது. ஒன்பதைப் பன்னிரண்டு மடங்காக்கி இரண்டைக் கூட்டினால் 110. 110ஐ நான்கு மடங்காக்கி ஒன்பதைக் கூட்டினால் 449. ஒரு படியின் பிழையை அடுத்த படி ஈடு செய்யும் வகையில் ஏணி கட்டப்பட்டிருக்கிறது.

கலிநாள் 16,00,984 என்பது கி.பி. 1282 மே 22. அன்று விடியலில் நிலவு சேய்மை நிலையில் இருந்ததாகக் கொண்டு அந்நாளைத் தொடக்கமாக்கினர். இந்தக் கணக்கு முறையை விளக்கும் நூல் வாக்கியகரணம். 1300ஐ ஒட்டிய காலத்தது. ஆசிரியர் பெயர் தெரியாதது. காஞ்சிப் பகுதியைச் சார்ந்தது என்பர். காஞ்சிபுரம் 1997 வரை செங்கற்பட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்தது என்பதை இங்கு நினைவு கூரலாம். இந்நூலை டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்தனர், சென்னை மயிலாப்பூரின் குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம் 1962இல் அதனை வெளியிட்டது.

முறை எளியது. வேண்டிய நாளின் கலிநாள் எண்ணிலிருந்து 16,00,984ஐக் கழிக்க வேண்டும். மிச்சத்தை 12,372ஆல் வகுத்து, அதன் மிச்சத்தை 3,031ஆல் வகுத்து, அதன் மிச்சத்தை 248ஆல் வகுக்க வேண்டும். கடைசியில் 248க்குக் குறைந்த ஓர் எண் நிற்கும். அது நிலவின் வாக்கியங்களுள் எத்தனையாவது வாக்கியத்தைக் கூற வேண்டும் என்பதைக் காட்டும். ஒவ்வொரு படியிலும் நிலவு நகர்ந்துவிட்ட தொலைவைத் தனியே கூட்டிக்கொள்வர். ஒரு 248க்கு அத்தொலைவு 27 பாகை 44 கலை.

விடுதலை நாளை எடுத்துக்கொள்வோம். 18,43,947இலிருந்து 16,00,984 போக 2,42,963. அதில் 12,372 பத்தொன்பது முறை அடங்கும், மிச்சம் 7,895. அதில் 3,031 இரண்டு முறை, மிச்சம் 1,833. அதில் 248 ஏழு முறை, மிச்சம் 97. ஆகவே அன்றைய வாக்கியம் தொண்ணூற்றேழாவது. 97 நாள் என்பது மூன்றரைச் சுற்று. சேய்மையில் தொடங்கிய நிலவு மூன்றரைச் சுற்றின் முடிவில் அண்மையில் நிற்கும். மறுநாள் அமாவாசை ஆதலின், நாடு விடுதலை பெற்ற அன்று நிலவு பூமிக்கு அருகில் வந்திருந்தும் ஏறத்தாழக் கண்ணுக்குப் புலப்படாமல் இருந்தது. நிலவின் அண்மையை ஒரு கழித்தலும் மூன்று வகுத்தலும் சொல்லிவிடுகின்றன.

எண் சொல்லான விதம்

வாக்கியம் என்பது இங்கு வெறும் பெயரன்று. 248 நாள்களில் ஒவ்வொரு நாளும் நிலவு நிற்கும் இடம் ஒரு சிறு சொற்றொடராக அமைக்கப்பட்டிருக்கிறது. இவற்றை வரருசி என்பவர் இயற்றினார் என்பது மரபு. எண்ணை எழுத்தாக்கும் இம்முறைக்குக் கடபயாதி என்று பெயர். க, ட, ப, ய ஆகிய நான்கு எழுத்துகளிலிருந்தும் ஒன்று தொடங்கி எண்ணிச் செல்ல வேண்டும். மெய்க்கு மட்டுமே மதிப்பு. அதன்மேல் ஏறிய உயிருக்கு இல்லை. சொல்லின் இறுதியில் தனித்து நிற்கும் மெய்யைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கிடைத்த இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

பஞ்சாங்கக் கணிதர் 248க்கு இட்ட பெயர் தேவரம். இதில் தகர வரிசையின் மூன்றாம் எழுத்துக்கு 8, வகரத்துக்கு 4, ரகரத்துக்கு 2. திருப்பிப் படித்தால் 248. நெடிலுக்கும் குறிலுக்கும் வேறுபாடு இல்லாததால், ஒருவர் தேவாரம் என்று நீட்டிச் சொன்னாலும் அதே எண்தான் வரும். 3,031க்குக் காலநிலம் என்பது பெயர். க 1, ல 3, ந 0, ல 3, திருப்பினால் 3,031. 12,372க்கு ரசகரிக என்பது பெயர். அதுவும் இவ்வாறே விரியும்.

வாக்கியங்களின் முதலும் முடிவும் கவிஞர் கவனிக்கத்தக்கவை. முதல் வாக்கியத்தைப் பொருளாகப் படித்தால் நமது சொல் நமக்கு நன்மையாகுக என்பது போன்ற ஒரு வாழ்த்து. எண்ணாகப் படித்தால் 12 பாகை 3 கலை. நிலவு ஒரு நாளில் சராசரியாகச் செல்வது 13 பாகை 11 கலை. சேய்மையில் மெல்லச் செல்கிறது என்பது அந்த வாழ்த்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இருநூற்று நாற்பத்தெட்டாம் வாக்கியம் இன்பம் உண்டாகுக என்ற கருத்தினது. எண்ணாகப் படித்தால் 27 பாகை 44 கலை. முன்னே கூறிய அதே தொலைவு. சொல்லில் தொடங்கி இன்பத்தில் முடியும் இத்தொகுதி ஒரு சிற்றிலக்கியத்தின் அமைப்பைப் பெற்றிருக்கிறது. அதனை இயற்றியவர்க்கு ஒரு நாளைக்குரிய எழுத்துகள் முன்பே நிலவால் தீர்மானிக்கப்பட்டிருந்தன. உயிரை மட்டும் தாமே தேர்ந்து, மெய்யை மாற்ற இயலாமல், பொருள் வருமாறு பாடினார். எதுகை மோனையினும் கடுமையான கட்டுப்பாடு இது.

இம்முறை தமிழ் எழுத்தில் நிற்காது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தமிழில் த என்னும் ஓர் எழுத்து 6, 7, 8, 9 ஆகிய நான்கு மதிப்பையும் தாங்க வேண்டிவரும். ஆகவே இவ்வாக்கியங்கள் கிரந்த எழுத்திலும் கணிதர் நாவிலும் வாழ்ந்தன. தமிழ் பேசும் ஊரில், தமிழ்ப் பண்டிகைகளின் நாளைக் குறிக்க, தமிழ் எழுத்தில் எழுத இயலாத சொற்கள் பயன்பட்டு வந்தன.

சோழியும் நினைவும்

மாமல்லபுரத்திலிருந்து அதே கடற்கரையில் தெற்கே, நூறு கிலோமீட்டருக்குள் புதுச்சேரி இருக்கிறது. வெள்ளிக் கோள் கதிரவனைக் கடப்பதைக் காண்பதற்காகப் பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தி அங்கு வந்து தங்கினார். 1769 ஜூனில் அந்த நாழிகையில் வானத்தை முகில் மூடிவிட்டது. காண வந்ததைக் காணாத அவர், அவ்வூரில் கிடைத்ததைக் கற்றார். தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்கைப் பயின்றார். 1765 ஆகஸ்டு 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நீளத்தைத் தமிழர் கணக்கு 41 விநாடி குறைத்துக் கூறியது என்றும், ஐரோப்பாவில் பெயர் பெற்ற தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிக் கூறியது என்றும் அவர் பதிவு செய்தார்.

சென்னை வானாய்வகத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜான் வாரன், தென்னிந்தியக் காலக்கணிதம் பற்றிக் காலசங்கலிதம் என்னும் நூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். அதே ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கு இடைப்பட்ட சந்திர கிரகணத்தைப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் அவருக்குக் கணித்துக் காட்டினார். ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை வாயால் சொல்லிக்கொண்டே சோழிகளை நகர்த்தினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. வாரன் வியந்தது அவருடைய நினைவாற்றலை. வருந்தியது வேறொன்றை. தாம் கையாளும் முறையின் கோட்பாடு எதுவும் அக்கணிதருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அக்கணிதர் அறியாத மற்றொன்றும் உண்டு. பண்டைக் கணிதவியலை ஆராய்ந்த ஓட்டோ நியூகெபவர் 1952இல் தமிழர் வானியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 248 நாள் சுற்று பாபிலோனியரின் களிமண் ஏடுகளில் உண்டு. 248, 3,031 ஆகிய இரண்டும் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரசு ஏட்டில் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பஞ்சசித்தாந்திகையிலும் அவை உண்டு. பாபிலோனில் தோன்றி, கிரேக்கர் கை வழியாக இந்தியா வந்து, தம் பிறப்பிடத்தில் மறக்கப்பட்ட பின்னும் அவை தமிழ்நாட்டில் அன்றாட வழக்கில் நின்றன. களிமண் ஏட்டில் புதைந்த எண்ணுக்கு உயிருள்ள வழக்காறு சோழமண்டலக் கரையில் கிடைத்தது என்பது அறிஞர்க்குப் பெருவியப்பாயிற்று.

இரண்டு இழப்புகள்

இவ்வரலாற்றைப் பெருமையோடு முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மையாகவே நிற்கும். காத்த எண்ணே பிழையையும் காத்தது. வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு, விண்மீன்களை வைத்து இன்று அளக்கப்படும் ஆண்டைவிட ஏறத்தாழ 3 நிமிடம் 20 விநாடி நீண்டது. ஓர் ஆண்டில் இது ஒன்றுமில்லை. ஏறத்தாழ 432 ஆண்டில் அது ஒரு நாளாகிவிடும். நிலவின் கணக்கிலும் இவ்வாறே பிழை சேரும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதியின் நேரம் வேறுபடுவதும், சில ஆண்டுகளில் பண்டிகை நாளே வேறுபடுவதும் இதனால் விளைந்தவை.

பிழை திருத்த இயலாத ஒன்றன்று. சங்கமகிராமத்து மாதவர் பதினான்காம் நூற்றாண்டில் நிலவின் வாக்கியங்களைப் புதிதாக இயற்றி, கலையளவில் இருந்த நுட்பத்தை விகலையளவுக்கு உயர்த்தினார். பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களை நேரில் நோக்கி, 1431இல் திருக்கணிதம் என்னும் புதிய முறையை வகுத்தார். அவர்கள் எண்ணையும் அறிந்திருந்தனர். எண் எதைக் குறிக்கிறது என்பதையும் அறிந்திருந்தனர். வானத்தை நோக்கி எண்ணைத் திருத்தும் துணிவு அதனால் வந்தது. புதுச்சேரிக் கணிதருக்கு எண் மட்டும் எஞ்சியது. அவர் மேல் குறை சொல்வதற்கில்லை. ஆதரவும் கல்விச் சாலையும் அற்றுப்போன காலத்தில், தம் நினைவையே ஏடாக்கி அவர் காத்திராவிடில் அந்த எண்ணும் போயிருக்கும்.

ஆகவே செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையிலான சாலையில் நினைவுக்கு வர வேண்டியவை இரண்டு இழப்புகள். ஆம்பலுக்கும் குவளைக்கும் பொருள் நின்றது, அளவு போயிற்று. தேவரத்துக்கும் காலநிலத்துக்கும் அளவு நின்றது, பொருள் போயிற்று. பாடுவோர் அளவைக் கேட்கவில்லை. அளப்போர் பொருளைக் கேட்கவில்லை. ஒரு காலத்தில் இரண்டும் ஒருவரிடமே இருந்தன என்பதற்கு அந்த 248 சொற்றொடர்களே சான்று. நிலவின் நடையை இலக்கம் பிசகாமல் அளந்தவர், அதனை வாழ்த்தாகவும் பாடியிருக்கிறார்.

பத்தாண்டு நிறையும் ஓர் இலக்கிய வட்டத்துக்கு இக்கணக்கு நேரே பொருந்தும். பத்து ஆண்டு என்பது 3,652 நாள். மிகைநாள் மூன்று விழுந்தால் 3,653. 3,652இல் ஒரு காலநிலம் போக 621 எஞ்சும். இரண்டு தேவரம் போக 125 எஞ்சும். 248இன் சரிபாதி 124. நிலவு சேய்மையில் நின்ற நாளில் ஒரு வட்டம் தொடங்கப்பெற்றிருந்தால், பத்தாண்டு நிறையும் நாளில் அது மிக அண்மைக்கு வந்து ஒரு நாள் ஆகியிருக்கும். கடபயாதி அறிந்த ஒரு கவிஞர் அந்த நூற்றிருபத்தைந்தாம் நாளுக்கு ஒரு வாக்கியம் பாடலாம். மெய்யை நிலவு தந்துவிட்டது. உயிரைத் தருவது கவிஞர் பொறுப்பு.